வாடிக்கையாளர் கொடுத்த எண் யாருக்குச் சொந்தம்?



விலைவாசி, வரி, தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று பல பொருள்களைப் பற்றி இந்த இதழில் பேசி வந்திருக்கிறோம். இம்முறை கண்ணுக்குத் தெரியாத ஒரு சரக்கைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு எடை கிடையாது. சிப்பம் கட்ட முடியாது. கிடங்கில் இடம் பிடிக்காது. ஆனால் உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள் சில அதை வைத்துத்தான் பணம் குவிக்கின்றன. வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், முகவரி, அவர் என்ன வாங்குகிறார், எப்போது வாங்குகிறார் என்கிற விவரமே அந்தச் சரக்கு.

"இதெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களின் விவகாரம், பருப்பும் புளியும் விற்கிற நமக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கத் தோன்றும். வேலை இருக்கிறது. இன்று தெருமுனை மளிகைக் கடையிலும் பில் போடும் கணினி வந்துவிட்டது. பில் போடுகிற பையன் சாமானை எடுப்பதற்கு முன்பே "போன் நம்பர் சொல்லுங்க" என்கிறான். ஏன் கேட்கிறோம் என்று அவனுக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. பெரிய கடையில் கேட்கிறார்கள், நாமும் கேட்கிறோம். அந்த எண் எங்கே போகிறது, யார் எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் நாளை என்ன வழக்கு வரும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பற்று நோட்டில் இருந்த ஒழுங்கு

வாடிக்கையாளரின் விவரத்தை வைத்திருப்பது நமக்குப் புதிதல்ல. பற்று நோட்டு வைத்து வியாபாரம் செய்தவர்களுக்குத் தெரியாத குடும்ப ரகசியம் உண்டா? எந்த வீட்டில் இந்த மாதம் அரிசி குறைந்திருக்கிறது, எந்த வீட்டில் சுக்கும் கருப்பட்டியும் பெருங்காயமும் சேர்த்து வாங்கிப் பிரசவ மருந்துக்குத் தயார் செய்கிறார்கள், யார் வீட்டில் சர்க்கரை நின்று கேழ்வரகு ஏறியிருக்கிறது என்பதெல்லாம் அந்த நோட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். ஆனால் அதை எவரும் வெளியில் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றால் கணக்குப்பிள்ளை நோட்டை மூடிவிட்டுத்தான் பேசுவார். எந்தச் சட்டமும் அதைச் சொல்லவில்லை. தொழிலின் மரியாதை சொன்னது.

அந்த நோட்டு கல்லாவுக்குள் இருந்தவரையில் கவலை இல்லை. இப்போது அதே விவரம் கணினியில் ஏறி, பில் மென்பொருள் விற்றவரின் கைக்கும், அங்கிருந்து வேறு யாரோ ஒருவர் கைக்கும் போகிறது. நோட்டைத் திருடினால் ஒரு கடையின் கணக்குத்தான் போகும். கணினியில் திருடினால் ஊரே போகும். இந்த வித்தியாசம்தான் உலகெங்கும் அரசாங்கங்களைக் கையில் சாட்டை எடுக்க வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் நடந்தவை

முதலில் பெரிய வழக்குகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

ஃபேஸ்புக் நிறுவனம், தன்னிடம் பதிந்தவர்களின் விவரத்தை ஒழுங்காகக் காப்பேன் என்று 2011-ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துடன் உடன்பாடு செய்துகொண்டது. 2012-இல் அது உத்தரவாகவே வந்தது. பிறகு 2018-இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தது. சுமார் 8.7 கோடிப் பேரின் விவரம், அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாமலே, தேர்தல் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. பழைய உத்தரவை மீறியதற்காக 2019 ஜூலையில் ஆணையம் 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. தனிநபர் விவர வழக்குகளில் அதுவரை கேட்டிராத தொகை அது.

தொகையைக் கேட்டதும் நமக்குத் தலை சுற்றுகிறது. ஆனால் வியாபாரி கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த நிறுவனத்தின் 2018-ஆம் ஆண்டு வருமானம் சுமார் 5,580 கோடி டாலர். அபராதம் ஏறக்குறைய ஒரு மாத வருமானம். ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களில் இருவர், இது போதாது, பொறுப்பில் இருந்தவர்களைத் தனிப்பட்ட முறையில் கேட்கவில்லை என்று சொல்லி எதிர்த்து வாக்களித்தார்கள். அபராதம் வரப்போகிறது என்று அந்த நிறுவனமே 2019 ஏப்ரலில் அறிவித்தபோது பங்கு விலை இறங்கவில்லை; ஏறியது. இவ்வளவுதானா என்று சந்தை மூச்சு விட்டது என்பதே அதன் பொருள்.

இரண்டாவது, ஈக்விஃபாக்ஸ். மக்கள் கடன் வாங்கத் தகுதி உள்ளவர்களா என்று வங்கிகளுக்குச் சொல்லும் நிறுவனம். அதன் மென்பொருளில் ஓட்டை இருக்கிறது, அடைக்க வழியும் இருக்கிறது என்று 2017 மார்ச்சிலேயே அறிவிப்பு வந்தும் அடைக்காமல் விட்டார்கள். சுமார் 14.7 கோடி அமெரிக்கர்களின் விவரம் களவு போனது. 2019-இல் குறைந்தது 57.5 கோடி டாலரும், தேவைப்பட்டால் 70 கோடி டாலர் வரையும் கொடுப்பதாக உடன்பாடு ஆயிற்று. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் 125 டாலர் ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் அதற்கென ஒதுக்கியது 3.1 கோடி டாலர்தான். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 125 டாலர் கொடுத்தால் 2 லட்சத்து 48 ஆயிரம் பேருக்கு மட்டுமே காணும். விண்ணப்பங்கள் குவிந்ததும், சொன்ன தொகை கிடைக்காது என்று ஆணையமே சில நாட்களில் அறிவிக்க வேண்டி வந்தது.

மூன்றாவது, வெல்ஸ் ஃபார்கோ வங்கி. இது நம்மவர்களுக்கு நன்றாகப் புரியும் கதை. ஏனென்றால் இது 'டார்கெட்' கதை. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் இத்தனை கணக்கு விற்றாக வேண்டும் என்று மேலிடம் நெருக்கியது. ஊழியர்கள் வாடிக்கையாளரைக் கேட்காமலே அவர்கள் விவரத்தை வைத்துக் கணக்குகளையும் கடன் அட்டைகளையும் லட்சக்கணக்கில் திறந்தார்கள். 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம். 2020-இல் அரசுடன் மேலும் 300 கோடி டாலர் உடன்பாடு. முதலில் தலை உருண்டது யாருக்கு? சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிழந்தார்கள். ஆனால் இந்த வழக்கில் பாராட்ட வேண்டிய ஒன்று உண்டு. தலைமை அதிகாரியாக இருந்தவருக்கு 2020-இல் 1.75 கோடி டாலர் தண்டம் விதித்து, வங்கித் தொழிலில் இனி கால் வைக்கக் கூடாது என்று ஆயுள் தடையும் போட்டார்கள். உத்தரவு போட்டவரைக் கேட்டால்தான் அடுத்த உத்தரவு போடுபவர் பயப்படுவார்.

கடைக்காரர்களே சிக்கிய வழக்குகள்

மேலே சொன்னவை வங்கியும் கணினியும். இனி வருபவை நம் தொழில். ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பிரான்சு நாட்டின் காரஃபூர் நிறுவனம் மளிகை, காய்கறி விற்கும் பெரிய கடைத் தொடர். மற்றக் கடைகளைப் போலவே தொடர்ந்து வாங்குபவர்களுக்குச் சலுகை அட்டை கொடுத்தது. 2020 நவம்பரில் அந்நாட்டுத் தரவுக் காப்பு ஆணையம் அதற்கு 22.5 லட்சம் யூரோவும், அதன் வங்கிக் கிளைக்கு 8 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. குற்றங்களில் ஒன்று என்ன தெரியுமா? ஐந்து முதல் பத்து ஆண்டுகளாகக் கடைப் பக்கமே வராத 2 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் விவரத்தை அழிக்காமல் வைத்திருந்தது. திருட்டு நடக்கவில்லை; தேவையில்லாததைச் சேர்த்து வைத்ததே குற்றமாயிற்று. புழு விழுந்த பருப்பை "இருக்கட்டும்" என்று கிடங்கில் போட்டு வைத்தால் நல்ல மூட்டையும் கெடும் அல்லவா? அதே கணக்குத்தான்.

ஸ்பெயின் நாட்டின் மெர்காடோனா கடைத் தொடர், கடைக்குள் வரக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்த சிலரைக் கண்டுபிடிக்க, வாசலில் முகம் அறியும் கருவியை வைத்தது. அந்தச் சிலருக்காக, வந்து போன அத்தனை பேரின் முகமும், குழந்தைகள் முகம் உட்பட, கணினியில் ஓடியது. 2021-இல் சுமார் 25 லட்சம் யூரோ அபராதம்.

அமெரிக்காவின் ரைட் எய்ட் மருந்துக் கடைத் தொடர் செய்தது இன்னும் மோசம். 2012 முதல் 2020 வரை நூற்றுக்கணக்கான கடைகளில் முகம் அறியும் கருவி வைத்து, திருடர் பட்டியலோடு ஒப்பிட்டது. கருவி ஆள் மாறாட்டம் செய்தது. ஒன்றும் எடுக்காதவர்களை ஊழியர்கள் பின்தொடர்ந்தார்கள், சோதித்தார்கள், மற்றவர் முன்னிலையில் குற்றம் சாட்டினார்கள். 11 வயதுச் சிறுமி ஒருத்தியையும் சோதித்தார்கள். கறுப்பின மக்களும் பெண்களும் இதில் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். 2023 டிசம்பரில் மத்திய வர்த்தக ஆணையம், ஐந்து ஆண்டுகளுக்கு அந்தக் கருவியையே தொடக் கூடாது என்று உத்தரவிட்டது. கடையில் கேமரா வைப்பதில் தவறில்லை, நாமும் வைத்திருக்கிறோம். ஆனால் கடைக்கு வந்தவரைக் கருவியின் பேச்சைக் கேட்டுத் திருடன் என்பது வணிகம் ஆகாது.

கடைசியாக, டார்கெட் என்ற அமெரிக்கக் கடைத் தொடர். 2013 இறுதியில் அதன் கணினிக்குள் திருடர்கள் புகுந்து சுமார் 4 கோடி அட்டைகளின் விவரத்தையும், 7 கோடிப் பேர் வரையிலான பெயர், முகவரி போன்ற விவரத்தையும் எடுத்தார்கள். 2017-இல் 47 மாநிலங்களுக்கு 1 கோடியே 85 லட்சம் டாலர் கொடுத்து முடித்தார்கள். திருடர்கள் எந்த வழியாக உள்ளே போனார்கள் என்பதைக் கவனியுங்கள். கடைக்குக் குளிர்சாதன வேலை பார்த்துக் கொடுத்த ஒரு சிறு ஒப்பந்ததாரரின் கடவுச்சொல்லைத் திருடித்தான் போனார்கள். பெரிய கோட்டைக்குச் சிறு சந்து வழி. நாளை நம் ஊரில் ஒரு பெரிய நிறுவனத்தின் விவரம் களவு போனால், "உங்கள் ஏஜென்சியின் கணினி வழியாகத்தான் போனது" என்று விரல் நம் பக்கம் நீள வாய்ப்பிருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

"சட்டம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். சட்டம் ஏற்கெனவே வந்துவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டம் அனுமதிக்காத வகையில் வேறொருவரிடம் சொல்வது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பெரிய கடை, சிறிய கடை என்ற பேதம் அங்கே இல்லை.

2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பில் போட செல்போன் எண் கொடுத்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்று சில்லறை வணிகத் துறைக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. எண் கொடுக்க மறுத்தவருக்குச் சரக்கு தர மறுத்த புகார்கள் வந்ததே அதற்குக் காரணம். ஜி.எஸ்.டி.க்குத் தேவை என்று சிலர் சொல்கிறார்கள். கடைக்கு நேரில் வந்து 50,000 ரூபாய்க்குக் குறைவாகச் சரக்கு வாங்கும் சாதாரண வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும்கூட பில்லில் கட்டாயமில்லை. செல்போன் எண்ணை அந்த விதி கேட்கவே இல்லை.

இதற்கு மேல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது 2027 மே மாதம் வாக்கில் அது முழு அளவில் நம் வாசலுக்கு வரும். விவரத்தைத் தக்க பாதுகாப்பில்லாமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். களவு போனதைத் தெரிவிக்காவிட்டால் 200 கோடி ரூபாய் வரை.

பயந்துவிட வேண்டாம். 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். குற்றத்தின் தன்மை, எத்தனை நாள் நடந்தது, அபராதம் அவரை எப்படிப் பாதிக்கும் என்பதையெல்லாம் பார்த்தே தொகையை முடிவு செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. காகித நோட்டில் மட்டும் இருக்கிற கணக்குக்கு இச்சட்டம் பொருந்தாது. அதைக் கணினியில் ஏற்றினால் பொருந்தும். வாடிக்கையாளர் தாமாக எண்ணைக் கொடுத்து, பணம் கட்டியதற்கு ரசீதைச் செல்போனில் அனுப்பச் சொன்னால் அதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு மருந்துக் கடையை உதாரணமாக வைத்துச் சட்டத்திலேயே விளக்கியிருக்கிறார்கள். ரசீதுக்குக் கொடுத்த எண்ணுக்கு ரசீதுதான் போக வேண்டும். தீபாவளிச் சீட்டு விளம்பரம் போகக் கூடாது. வேலை முடிந்தால் விவரத்தை அழித்துவிட வேண்டும். சட்டத்தின் சாரம் இவ்வளவே. பற்று நோட்டை மூடிவைத்த கணக்குப்பிள்ளைக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

அபராதம் யார் பெட்டிக்குப் போகிறது?

சட்டத்தை வரவேற்கிறோம். ஆனால் குறைகளைச் சொல்லாமல் இருக்க முடியாது.

முதல் குறை, பாதிக்கப்பட்டவருக்குப் பலன் இல்லை. இந்தச் சட்டப்படி வசூலாகும் அபராதம் முழுவதும் மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். விவரத்தைப் பறிகொடுத்தவருக்கு இதில் நஷ்டஈடு கேட்க வழியில்லை. முன்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த நஷ்டஈட்டுப் பிரிவையும் நீக்க இச்சட்டம் வகை செய்கிறது. அதே நேரத்தில், வீண் புகார் கொடுத்தார் என்று கண்டால் அவரிடமே 10,000 ரூபாய் வரை தண்டம் வாங்கலாம். கடையில் எடை குறைந்தால், குறைந்த எடைக்கு உரிய சரக்கை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் முதல் நியாயம். அரசுக்குத் தண்டம் கட்டுவது அதற்கு அடுத்தது.

இரண்டாவது குறை, வேகம். வாட்ஸ்அப் நிறுவனம் 2021 ஜனவரியில் தன் நிபந்தனையை மாற்றி, தாய் நிறுவனத்துடன் விவரத்தைப் பகிர ஒப்புக்கொண்டால்தான் சேவை என்றது. நம் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்து, விளம்பரத்துக்காக விவரத்தைப் பகிர ஐந்து ஆண்டுத் தடையும் போட்டது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஐந்து ஆண்டுத் தடையை நீக்கியது. தவறு நடந்து தீர்ப்பாயத்தின் தீர்ப்பு வரவே ஐந்து ஆண்டு ஆகிவிட்டது. சிறு வியாபாரியின் தராசில் முத்திரைத் தேதி தாண்டியிருந்தால் அன்றைக்கே வழக்கு எழுதுகிறார்கள். பெரியவர்களுக்கு ஆண்டுக்கணக்கு, சின்னவர்களுக்கு மணிக்கணக்கு என்று சட்டம் இரண்டு கடிகாரம் கட்டிக்கொள்ளலாமா?

அந்த வாட்ஸ்அப் வழியாகத்தான் இன்று பாதிக் கடைகளுக்கு ஆர்டர் வருகிறது. 'வேண்டாம் என்றால் விலகிக்கொள்' என்று அவர்கள் சொல்வது சுலபம். விலகினால் நம் வியாபாரமே விலகிப் போகும். இப்படிப்பட்ட நிலையில் வாங்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படி ஏற்பது?

நம் விவரமும் விவரம்தான்

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாம் விவரம் வாங்குபவர்கள் மட்டுமல்ல, கொடுப்பவர்களும்கூட.

ஐரோப்பிய ஆணையம் 2019-இல் அமேசான் மீது விசாரணை தொடங்கியது. அந்தத் தளத்தில் கடை போட்டிருக்கும் வெளி வியாபாரிகளின் விற்பனை விவரத்தை எடுத்து, அமேசானே நடத்தும் போட்டிக் கடைக்குப் பயன்படுத்துகிறது என்பதே புகார். சந்தை நடத்துபவரே, எந்தக் கடையில் எந்தச் சரக்கு ஓடுகிறது என்று பார்த்து, அதே சரக்கைப் பக்கத்தில் வைத்து விற்றால் அந்தச் சந்தையில் யார் பிழைக்க முடியும்? 2022 டிசம்பரில், வெளி வியாபாரிகளின் விவரத்தைத் தன் சில்லறை வியாபாரத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று அமேசான் கொடுத்த உறுதிமொழியை ஆணையம் ஏற்று, சட்டப்படி கட்டுப்படுத்தும் உத்தரவாக்கியது. அபராதம் இல்லை, ஆனால் வியாபாரியின் விவரம் வியாபாரிக்குச் சொந்தம் என்ற கொள்கை அங்கே நிலைநாட்டப்பட்டது.

நம் ஊரிலும் இது நடக்காமல் இல்லை. பல ஆண்டுகளாக ஒரு பெரிய கம்பெனியின் சரக்கை மொத்தமாக எடுத்து, சுற்று வட்டாரக் கடைகளுக்கு நாம் போட்டு வந்தோம். எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி போகிறது, யார் ரொக்கம், யார் கடன், எத்தனை நாளில் பணம் வரும் என்பது நம் பேரேட்டில் இருந்தது. அதுவே நம் முதல். ஒரு நாள் கம்பெனி ஒரு 'ஆப்' கொடுத்து, கடை வாரியாக எல்லாவற்றையும் அதில் ஏற்றினால்தான் ஸ்கீம் தொகை பாஸ் ஆகும் என்றது. ஏற்றாவிட்டால் நிலுவைத் தொகை நிற்கும் என்பதால் ஏற்றினோம். ஒன்றரை ஆண்டில் அதே கடைகளுக்கு நேரடியாக, நம் விலையை விடக் குறைத்துச் சரக்கு இறங்கியது. நம் பேரேடு அவர்கள் கைக்குப் போன பிறகு நாம் எதற்கு? நம் சக வியாபாரிகள் பலருக்கும் இதே அனுபவம் உண்டு. விவரம் என்பது வெறும் காகிதமல்ல, அது வயிற்றுப் பிழைப்பு என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா?

நமக்கு இப்படி வலிக்கிறது என்றால், நாம் கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் எண்ணால் வாடிக்கையாளருக்கும் வலிக்கும். சீட்டுக் கம்பெனிக்காரரும் இன்சூரன்ஸ் ஏஜெண்டும் வந்து "உங்க கஸ்டமர் லிஸ்ட் கொடுங்க, ஏதாவது பார்த்துச் செய்கிறோம்" என்று கேட்கிறார்கள். சிலர் கொடுத்தும் விடுகிறார்கள். மறுநாள் முதல் அந்த வாடிக்கையாளரின் செல்போன் ஓயாமல் அடிக்கிறது. பணம் பிடுங்கும் மோசடிக்காரன் கைக்கும் அந்தப் பட்டியல் போகலாம். எந்தக் கடையில் கொடுத்த எண் என்று அவர் கண்டுபிடித்தால், மறுபடி நம் படி ஏறுவாரா?

அரசுக்கு நம் கோரிக்கை

சட்டத்தை அமல்படுத்துவது மேலிருந்து தொடங்கட்டும். கோடிக்கணக்கானவர்களின் விவரத்தைக் குவித்து வைத்திருப்பவர்களிடம் முதலில் கணக்குக் கேட்கட்டும். சில வகை நிறுவனங்களுக்கு, தொடக்க நிலைத் தொழில்கள் உட்பட, சில கடமைகளிலிருந்து விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு இச்சட்டத்தில் அதிகாரம் உண்டு. முதலீட்டாளர் பணத்தில் தொடங்கும் நிறுவனத்துக்குக் கிடைக்கும் சலுகை, சொந்தப் பணத்தில் கடை நடத்தும் சிறு வணிகருக்கும் கிடைக்க வேண்டும். விதிகளை எளிய தமிழில் அச்சிட்டு, சங்கங்கள் மூலம் கடை கடையாகக் கொடுக்க வேண்டும். முதல் தவறுக்கு எச்சரிக்கையும், திரும்பத் திரும்பச் செய்தால் அபராதமும் என்பதே முறை. வசூலாகும் அபராதத்தில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவருக்குப் போக வேண்டும். நிறுவனம் தவறு செய்தால், உத்தரவிட்ட அதிகாரியின் பெயரும் வழக்கில் வர வேண்டும். தண்டத்தைக் கம்பெனிப் பணத்தில் கட்டிவிட்டு, அதை விலையில் ஏற்றி நம் தலையிலும் வாடிக்கையாளர் தலையிலும் வைப்பதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

நம் பங்கு

கேட்பதற்கு உரிமை உண்டு என்றால், செய்வதற்குக் கடமையும் உண்டு. பெரிய வேலை ஒன்றுமில்லை.

வாடிக்கையாளரிடம் எண்ணை வற்புறுத்திக் கேட்க வேண்டாம். வீட்டுக்குச் சரக்கு அனுப்பவும், கடன் கணக்குக்கும், ரசீது அனுப்பவும் வாங்கலாம். எதற்கு வாங்குகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்க வேண்டும். வாங்கியதை அந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். பல ஆண்டுகளாக வராதவர்களின் விவரத்தை, கடன் பாக்கி ஏதுமில்லை என்றால், ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது அழித்துவிட வேண்டும். பில் கணினிக்குக் கடவுச்சொல் வைத்து, கடையை விட்டுப் போன ஊழியருக்குத் தெரிந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்ற வேண்டும். கல்லாச் சாவியை அவரிடம் விட்டு வைப்போமா? பில் மென்பொருள் விற்பவரிடம், எங்கள் வாடிக்கையாளர் விவரம் எங்கே சேமிக்கப்படுகிறது, வேறு யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும். பட்டியல் கேட்டு வருபவர் யாராக இருந்தாலும், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பலாம். பட்டியலைக் கொடுக்க வேண்டாம்.

"எண் வாங்காவிட்டால் பெரிய கடைக்காரனோடு எப்படிப் போட்டி போடுவது?" என்று இளைய தலைமுறை வணிகர்கள் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்விதான். பெரிய கடைக்காரருக்கு வாடிக்கையாளரின் முகம் தெரியாது. ஆகவே எண்ணை வாங்கி வைத்துக்கொள்கிறார். நமக்கு முகமும் தெரியும், பெயரும் தெரியும், அவர் அப்பா எந்த ரகப் புழுங்கலரிசி வாங்கினார் என்பதும் தெரியும். விலையில் அவர்களோடு எல்லா நேரமும் போட்டியிட முடியாது. "இந்தக் கடையில் சொன்னது வெளியில் போகாது" என்ற பெயரில் போட்டியிட முடியும். அந்தப் பெயரை விளம்பரம் கொடுத்து வாங்க முடியாது. நம் முன்னோர் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

2027 மே மாதத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று இருந்துவிட வேண்டாம். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைத்து, ஒரு வழக்கறிஞரையும் ஒரு கணக்காளரையும் அழைத்துப் பேச வைக்க வேண்டும். மேலே சொன்ன கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி மத்திய நுகர்வோர் விவகாரத் துறைக்கும் நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்ப வேண்டும். இன்று மாலையே கடையில் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. பில் போடும் பையனைக் கூப்பிட்டு, "இனி நம்பர் கேட்காதே, கொடுத்தால் எழுது, எதற்கு என்று சொல்லி எழுது" என்று சொல்லுங்கள். அதற்கு எந்தச் சட்டத்தின் அவகாசமும் தேவையில்லை.